சிறுகுறிஞ்சானும் சர்க்கரை மாத்திரையும்



வேலியில் படரும் சிறுகுறிஞ்சான் கொடியை நீங்கள் அறிவீர்கள். இரண்டு இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும். ‘சர்க்கரைக்கொல்லி’ என்றும் அதற்குப் பேர். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்குக்கு இனிப்பைத் தெரியாமல் கொஞ்ச நேரம் மறைக்கிறது, அவ்வளவுதான். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் சீனி ரத்தத்துக்குப் போகத்தான் செய்யும்.

அப்படியானால் இலையில் ஒன்றுமில்லையா? இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு இந்த இலையின் சாரத்தையும் கொடுத்தார்கள். தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம் வரை. ரத்தச் சர்க்கரை குறைந்தது. 5 பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நல்ல சேதிதான். ஆனாலும் 22 பேர் என்பது சின்னக் கணக்கு. கொடுத்ததும் அளந்து எடுத்த சாரம்; வேலியில் பறித்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தது?

ஆஸ்பத்திரியில் தரும் மெட்பார்மினுக்கும் ஒரு செடிதான் மூலம். ஐரோப்பாவின் கலீகா செடி அது. அதை மேய்ந்து செத்த ஆடுகளும் உண்டு. அதன் சத்தை 1920-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நச்சு என்று கைவிட்டார்கள். அதே இனத்தைச் சேர்ந்த மெட்பார்மினை 1922-இல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். அது சர்க்கரைக்கு ஆகும் என்று பாரிஸ் டாக்டர் ஜான் ஸ்டெர்ன் வெளியிட்டது 1957-இல். நடுவே 35 வருஷம்!

இங்கே நடப்பது என்ன? “பொடி சாப்பிடுறேன், மாத்திரையை நிறுத்திட்டேன்” என்கிறார் வீட்டுக்காரர். சர்க்கரை ஏறினால் வலிக்காது. சிப்பி கிழித்த கால்புண் ஆறாமல் போகும்போதுதான் தெரியவரும்.

இன்னும் சிலர் பொடி, மாத்திரை இரண்டையும் போட்டுக்கொண்டு, விடியுமுன் வெறும் வயிற்றோடு படகேறுகிறார்கள். சர்க்கரை அதிகம் இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். நடு ஏரியில் யார் இருக்கிறார்கள்? சாப்பிட்டுவிட்டே போகச் சொல்லுங்கள் அம்மா. படகில் ஒரு பொட்டலம் சீனியும் இருக்கட்டும். இலை மென்றிருந்தால் இனிக்காது, இனிக்காவிட்டாலும் விழுங்கணும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே கரை சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிகள் இந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கும்போது 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் வழி சொல்வார். மற்றவர்கள் பொடி வாங்கியிருந்தால், மாத்திரைச் சீட்டோடு அந்தப் பொட்டலத்தையும் சுகாதார நிலையத்துக்கு எடுத்துவந்து காட்டுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.