சிற்றூர்க் கடைகளைச் சென்று காணுதல்

நெசவாளர் தறியை அறிவர்; உழவர் மண்ணை அறிவர். ஆயின் தாம் ஆக்கிய பொருள் கடைசியாகக் கைமாறும் இடமாகிய கடையை இவ்விருவரும் போதிய அளவு அறிந்திருப்பதாகச் சொல்வதற்கில்லை. சரக்கைக் கொடுக்கும் பொருட்டோ, வீட்டுக்கு வேண்டியதை வாங்கும் பொருட்டோ கடைக்குச் செல்கின்றோமேயன்றி, கடையைப் படிப்பதற்கென்று ஒரு நாளும் செல்வதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியதாகும்.

பெருநகரத்துப் பேரங்காடிகளை இங்கே பேசப்போவதில்லை. ஒரு குடும்பமோ ஒரு சிறு குழுவோ நடத்துவதும், வீட்டில் புழங்கும் பொருளையும் பிறருக்குக் கொடுத்து மகிழத்தக்க பொருளையும் விற்பதுமான சிற்றூர்க் கடைகளே நாம் எடுத்துக்கொண்டது. பரிசுப் பொருட் கடை என்றவுடன் கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் பொம்மைகளும் சுவர்க் கடிகாரங்களும் நினைவுக்கு வருகின்றன. அவை பிற்காலத்து வரவு. நம் பக்கத்தில் சீர் கொடுப்பதற்குப் பாத்திரக் கடைக்கும் பாய்க் கடைக்கும் போவதே வழக்கம். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், கோரைப் பாய், பனம்பெட்டி என்று கொடுத்த பொருள்களெல்லாம் வீட்டில் நாளும் புழங்கியவை. பரிசு வேறு, வீட்டுப் பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. அப்பழைய வழக்கமே, என் கருத்தில், வியாபாரத்துக்கும் ஏற்றது.

முதலில் கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். இவ்வூர் வழியாகச் செல்லும் பயணிகளுள் கடலை மிட்டாய் வாங்காது போவோர் குறைவு. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையை வெல்லப்பாகில் சேர்த்து, மேலே நிறமிட்ட தேங்காய்த் துருவலைத் தூவிச் செய்யும் இப்பண்டத்துக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதனைச் செய்து விற்போருள் குடும்பத் தொழிலாக நடத்துவோர் பலர். இக்கடைகளில் கவனிக்கற்பாலது யாதெனில், வாங்குவோர் தமக்காக மட்டும் வாங்குவதில்லை என்பதே. அண்டை வீட்டுக்கு ஒன்று, அலுவலகத் தோழருக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு என விரல்விட்டு எண்ணி வாங்குகின்றனர். ஆகவே மிட்டாய்க் கடையும் ஒரு பரிசுக் கடையே. கையில் அடங்கும் பொட்டலம், எவரும் தயங்காது கொடுக்கக்கூடிய விலை, உறைமேல் ஊர்ப்பெயர் ஆகியவற்றால் அது நடைபெறுகிறது.

அதே பயணியின் பையில் இப்பகுதி நெசவாளர் நெய்த துண்டு ஒன்று ஏன் இருப்பதில்லை? துண்டும் மடித்தால் சிறிதாகும், வழியில் உடையாது, நாள்பட்டால் கெடாது. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ள எட்டயபுரம் கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்றது. 1882-இல் பாரதியார் பிறந்த ஊரும் அதுவே. அவர் பிறந்த இல்லத்தையும், 1947-இல் திறக்கப்பெற்ற மணிமண்டபத்தையும் காண்பதற்கு வெளியூர் அன்பர்கள் வருகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் அவ்வூரில் நெய்த துணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர்? வாங்க மனமில்லாதவர் அல்லர் அவர்கள். இவ்வூரில் நெய்தது என்று ஒரு சீட்டு எழுதி, அவர்கள் நடந்துபோகும் வழியில் அத்துணியை எடுத்து வைப்பாரில்லை. கைத்தறி என்று உறுதி கூறும் முத்திரை 2006 முதல் நாட்டில் நடைமுறையில் உள்ளது. முத்திரை துணியின் வகையைச் சொல்லும். நெய்த ஊரையும் கையையும் சொல்வதற்கு வேறு சீட்டு வேண்டும்.

மிட்டாய்க் கடையில் துண்டை வைப்பதா என்று சிலர் நகைக்கலாம். நகைக்க வேண்டா. உடன்குடிக் கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், ஒரு விற்பனையில் பனைத் தொழிலாளிக்கும் கூலி, பெட்டி முடைந்த பெண்ணுக்கும் கூலி. கருப்பட்டி தீர்ந்த பிறகும் பெட்டி வாங்கியவர் வீட்டில் நிற்கும். தாளில் சுற்றிக் கொடுத்தால் அவ்வீட்டில் நிற்பது ஒன்றுமில்லை. கடலை மிட்டாயை ஒரு சிறு கைத்தறிப் பையில் இட்டுக் கொடுப்பதும் இதே கணக்குத்தான். உழவரும் நெசவாளரும் ஒரே சங்கப் பத்திரிகையைப் படிக்கின்றனர். அவர்கள் பொருள்கள் மட்டும் ஒரே பலகையில் அமர்வதில்லை.

பனைப் பொருள்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். கரிசற்காட்டிலும் அதற்குத் தெற்கேயுள்ள தேரிக் காட்டிலும் ஓலையிலும் நாரிலும் முடைந்த கடகம், நார்ப்பெட்டி, கொட்டான், சுளகு என்பன ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கென்று அமைந்தவை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்து மணப்பாட்டில் பெண்கள் அழகிய ஓலைப் பொருள்களைப் பின்னுகின்றனர். கடைகளிலோ இவையெல்லாம் பெரும்பாலும் ‘கூடை’ என்னும் ஒரே பெயரில் கிடக்கக் காண்கிறோம். பெயர் போனால் பயன் போகும். பயன் போனால் விலை போகும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே செய்துள்ளார். கடைக்காரர் ஒருவர் அச்சொற்களை எடுத்துச் சீட்டு எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் கட்டினால், அச்சுக்கூலி தவிர வேறு செலவில்லை. சுளகு என்று எழுதி, தானியம் புடைப்பதற்கு என்றும் எழுதிவிட்டால், நகரத்திலிருந்து வந்த இளைஞர் அதைச் சுவரில் மாட்ட வாங்கினாலும் அறிந்து வாங்குவார்.

இனி, கண்டு பயிலுதற்குரிய ஒரு வழித்தடத்தைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் செல்லும் பக்கம் போனால், சில மணி நேரப் பயணத்துக்குள் ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களில் பாதியும் பிறக்கும் ஊர்களைக் காணலாம். பத்தமடையில் பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் செடிபுட்டாச் சேலை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றிய மரச் செப்புச் சாமான். தாமிரபரணி நீர் ஒன்றே இவ்வூர்களுக்குப் பொதுவானது.

இவற்றுள் பத்தமடையில் சற்று நின்று போக வேண்டும். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, கீறி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மறுபடி மெல்லிய இழைகளாகப் பிரித்து நெய்கின்றனர். இழை மெலிய மெலியப் பாவு எண்ணிக்கை ஏறும். முரட்டுப் பாய்க்கு 50 பாவு என்றால், நுண்பாய்க்கு 100, 120, 140 வரை செல்லும். நுண்பாயைத் துணிபோல் மடிக்கலாம். திருமணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து கொடுப்பது வழக்கம். 2013-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 1953-இல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் சென்றது என்பது அவ்வூரார் இன்றும் பெருமையுடன் சொல்லும் செய்தி. பெருமை நன்றே. ஆனால் நுண்பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக் கணக்கில் ஆகும் என்பதையும், அதை நெய்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண் என்பதையும், கடையில் அதன் அருகிலேயே பிளாஸ்டிக் இழையில் பொறி நெய்த பாய் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் சுருட்டி நிற்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இங்கேதான் பாடத்தின் முக்கியப் பகுதி வருகிறது. அழகிய கடை ஒன்றினுள் நுழைந்ததும் நாம் பொருளைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அப்பொருள் விற்கும்வரை காத்திருப்பவர் யார்? கடைக்காரர் ரொக்கம் கொடுத்து வாங்கி வைத்திருந்தால் காத்திருப்பு அவருடையது. ‘விற்ற பிறகு பணம்’ என்னும் ஏற்பாட்டில் பொருள் அங்கே இருக்குமானால், காத்திருப்பவர் பாய் நெய்தவர். கோரைக்கும் நூலுக்கும் கடன்பட்ட ஒருவர், தம்மிலும் வசதி மிக்க கடைக்காரருக்கு வட்டியில்லாமல் முதல் போட்டிருக்கிறார் என்பதே இதன் பொருள். மூன்று திங்கள் கழித்து, மூலை அழுக்கடைந்து பாய் திரும்பி வந்தால் அந்த நட்டமும் அவருக்கே. கடைக்காரரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. வாடகையும் மின்கட்டணமும் கொடுத்துச் சிற்றூரில் கடை நடத்துவோர் நிலை நாம் அறியாததன்று. யார் காத்திருக்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அக்கடையைக் கண்டுவிட்டோம் என்று சொல்லலாகாது, அவ்வளவே.

காத்திருப்பின் விலையைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு துண்டின் அடக்கம் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு சங்கம் பத்துத் துண்டுகளை எடுத்து, ஒன்று 130 ரூபாயாக விற்கிறது. பத்தும் விற்க ஓராண்டு செல்கிறது. போட்ட 1,000 ரூபாய்க்குக் கிடைப்பது 300. அடுத்த தெருக் கடைக்காரர் ஒன்று 115 ரூபாயாக விற்கிறார். இரண்டு திங்களில் பத்தும் தீர, அதே பணத்தைக் கொண்டு மறுபடி பத்து வாங்குகிறார். ஆண்டுக்கு ஆறு முறை ஆனால் 900 ரூபாய். விலை குறைத்து விற்றவருக்கு லாபம் மும்மடங்கு. நெசவாளர் பக்கமிருந்து பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது: அங்கே பத்துத் துண்டுக்குக் கூலி, இங்கே அறுபதுக்கு. நுண்பாய் போன்றவை இவ்வளவு விரைவில் சுழலமாட்டா. ஆதலால் அவற்றின்மேல் கடைக்காரர் கூடுதலாக வைப்பது நியாயமே, ரொக்கம் கொடுத்து வாங்கியிருப்பாராயின். ரொக்கமும் கொடாமல், பாதிக்குப் பாதி லாபமும் வைப்பாராயின் அது நியாயமன்று.

கூட்டுறவாளர்களுக்கு இது புதிய பிரச்சினையன்று. 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலை ஊரில், டோட் லேன் என்னும் சந்தில், மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், சில மெழுகுவத்திகள் இவற்றோடு ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. திறந்தவர்கள் 28 பேர் என்பர். அவர்களுள் பலர் நெசவாளர். கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை, கடன் இல்லாத ரொக்க வியாபாரம் என்பன அவர்கள் கொண்ட விதிகள். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியது அந்தச் சிற்றங்காடிதான். அக்கட்டடம் இப்போது காட்சிச்சாலையாக விளங்குகிறது. வாங்குவோரிடம் அவர்கள் கேட்ட ரொக்கத்தை, நாம் ஆக்குவோருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஜப்பானில் ஓயிட்டா மாநிலத்தில் 1979-இல் ஆளுநர் ஹிராமத்சு, ஊருக்கு ஒரு பொருள் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் ஊரும் தனக்கே உரிய ஒன்றைத் தேர்ந்து அதைச் செம்மைப்படுத்தியது. 1993 முதல் அந்நாட்டுச் சாலையோர நிலையங்களில் அந்தந்த வட்டாரத்துக் காய்கனியும் கைவினையும் ஒரே கூரையின்கீழ் விற்பனையாகின்றன. நம் நாட்டு இரயில்வேயும் 2022-இல் நிலையத்துக்கு ஒரு பொருள் என்னும் திட்டத்தை மேற்கொண்டது. நல்ல முயற்சிகளே. ஆயினும் வருபவரிடம் எடுத்துச் சொல்லத் தெரிந்த ஓர் ஆள் பலகைக்குப் பின்னால் இல்லாவிடில் எந்தத் திட்டமும் பூட்டிய அறையாகிவிடும்.

கடைகளைக் காணச் செல்வோர்க்குச் சில குறிப்புகள். தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் போகவேண்டா; கடைக்காரர்க்கு மூச்சுவிட நேரமிராது. சாதாரண நாளில் முற்பகல் ஏற்றது. கழுகுமலை போன்ற தலத்துக்குப் போவோர், பாறையில் குடைந்த வெட்டுவான் கோயிலைக் கண்டு இறங்கிய பின் தெருக் கடைகளுக்கும் அரைமணி ஒதுக்கலாம். உள்ளே சென்றதும் ஏதேனும் ஒன்றைக் கேட்ட விலைக்கு வாங்கிவிடுதல் முறை. வாங்காது கேள்வி மட்டும் கேட்பவரை எவரும் விரும்பார். பிறகு, “அண்ணாச்சி, இந்தப் பெட்டி எந்த ஊர் முடைப்பு?” என்று கேட்டுப் பாருங்கள். ஊரும் சொல்லி, முடைந்தவரின் பெயரும் சொல்லுவாராயின் அவர் தேர்ந்து வாங்கும் வியாபாரி. ‘மொத்தமா வருது’ என்று விடை வந்தால் பெட்டிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. பணம் எப்போது கொடுப்பார் என்பதை அவரிடமே முதல் நாளில் கேட்பது நாகரிகமன்று; அதை முடைந்தவரிடம் கேட்டறியலாம். அனுமதியின்றிப் படம் பிடித்தல் கூடாது.

சங்க வாசக வட்டங்கள் இதைச் செய்து பார்க்க விரும்பினால், இருவர் இருவராக ஒவ்வொரு கடைக்குச் சென்று, 200 ரூபாய்க்கு மேற்படாத ஒரு பொருளை வாங்கி, அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைக்கலாம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு: பொருளின் பெயர், செய்த ஊர், செய்தவர், செய்யச் சென்ற நாள், கொடுத்த விலை, அதில் செய்தவர் கைக்குச் சென்றது எவ்வளவு, எப்போது சென்றது. சங்கத்தின் சொந்த விற்பனை நிலையத்திலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, அதே சீட்டுடன் அதே மேசைமேல் வையுங்கள். நிரப்பப்படாத இடம் எந்தச் சீட்டில் அதிகமோ, அடுத்த திங்களில் முதலில் செல்லவேண்டிய கடை அதுவே.