கணக்கில் தோற்றால் பள்ளிக்கு முழுக்கா?

கேள்வி: எங்கள் தெருப் பெண் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றதும் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். ஊரார் என்ன செய்ய முடியும்?
– வாசகி, தருமபுரி

பதில்: அவள் வீட்டுக்குப் போங்கள். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள ஒரு தாயையும் அழைத்துக்கொண்டு போங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுக்க இக்குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. கையெழுத்துக்காக மட்டுமே கூடும் குழுவைக் கண்டால் மனம் நோகிறது. இடைநின்ற பிள்ளையைத் தேடிப்போவதுதான் அதன் தலையாய வேலை. சட்டத்தின் காப்பு 14 வயதோடு முடிகிறது, அதன்பின் ஊர்தானே துணை? தோற்ற பாடத்தை அதே ஆண்டு துணைத்தேர்வில் எழுதலாம். அரசுப் பள்ளியிலேயே படித்துக் கல்லூரி சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இதை அவள் அம்மாவிடம் சொல்லுங்கள். துணைத்தேர்வு விண்ணப்பத் தேதி தாண்டுவதற்குள் போங்கள்.