சட்டை மாற்றிக்கொண்ட காலரா

சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு
அரியாங்குப்பம்



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, விடுகதை என்று புரட்டிக்கொண்டு வருவீர்கள். நடுவில் கிருமியைப் பற்றிப் பாடம் எடுக்க ஒருவன் வந்து நிற்கிறானே என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இது நம்ம கடற்கரையோரத்துக் கிருமியின் கதை. உலகத்து விஞ்ஞானிகளையே திகைக்க வைத்த அதன் புது அவதாரம் முதலில் கண்ணில் பட்டது, 1992-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், நம் சென்னையில்தான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். 'மரபணு' என்ற சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் காலரா எல்லோருக்கும் தெரியும். வாந்திபேதி என்பார்கள். ஆயா அந்தப் பேரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவருக்குத் தெரிந்த நோயையும் எனக்குக் கிடைத்த படிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

கிருமி செய்யும் வேலை

காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் விப்ரியோ காலரே. கமா குறி போல வளைந்த உடம்பு, பின்னால் ஒரே ஒரு வால். அசுத்தமான தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் குடலுக்குள் போகிறது. குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு, குடல் செல்லில் உப்பை வெளியே விடும் கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் போகும் அல்லவா? நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளியேறும். ஆள் சில மணி நேரத்தில் வற்றிப் போவார்.

ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் 1884-ல் கல்கத்தாவில் இந்தக் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அது நச்சு மூலம்தான் கொல்கிறது என்பதை நிரூபிக்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1959-ல் அதைச் செய்தவர் அதே கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. முயலின் குடலை வைத்து அவர் செய்த எளிய சோதனை இன்றும் பாடப் புத்தகங்களில் பேசப்படுகிறது.

யூனிஃபார்ம் பார்க்கும் வாட்ச்மேன்

பாக்டீரியாவின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அதை அதன் சட்டை என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, பாலிடெக்னிக் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. சட்டையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. ஒருமுறை நோய் வந்து பிழைத்தவரின் உடம்பு அந்தச் சட்டையை நினைவில் வைத்திருக்கும். மறுபடி அதே சட்டை வந்தால் வாசலிலேயே மடக்கிவிடும்.

விஞ்ஞானிகள் இந்தச் சட்டைகளுக்கு ஓ-1, ஓ-2 என்று எண் போட்டு வைத்திருந்தார்கள். 1992 வரை 138 எண்கள். அவற்றில் கொள்ளைநோயாகப் பரவும் காலரா எல்லாம் ஓ-1 சட்டைக்காரன் வேலைதான். மற்ற எண்கள் அங்கங்கே சிலருக்கு வயிற்றுப்போக்கு தருவதோடு சரி.

இந்த நிலையில்தான் சென்னையிலும், பிறகு வேலூர், மதுரையிலும் காலரா நோயாளிகள் வந்தார்கள். நோய் அச்சு அசல் காலரா. ஆனால் பரிசோதனைக் கூடத்தில் ஓ-1 சீரம் ஒரு சொட்டு விட்டால் கிருமிகள் திரண்டு கட்டியாக வேண்டும், திரளவில்லை. 138 சீரம்களில் எதற்குமே அது மசியவில்லை. ஜப்பானில் அதற்கு 139 என்ற புது எண்ணைக் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையோரம் முதலில் கிடைத்ததால் 'பெங்கால்' என்று செல்லப் பெயரும் வைத்தார்கள்.

அதற்குள் அது கல்கத்தாவுக்குப் போய், வங்காளதேசத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. 1993-ன் முதல் சில மாதங்களிலேயே அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலரா வழக்கமாக இருக்கும் ஊர்களில் அது குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கும்; பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கும். ஓ-139 வந்தபோதோ பெரியவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். வாட்ச்மேனுக்கு அந்தச் சட்டை தெரியாது!

மரபணு சொன்ன சாட்சி

அப்படியானால் இது புதுக் கிருமியா? இங்கேதான் மரபணு ஆராய்ச்சி கைகொடுத்தது.

ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீளமான குறிப்பேடு. அதில் ஒவ்வொரு பொருளையும் செய்யும் முறை எழுதப்பட்ட பகுதிதான் மரபணு என்கிற ஜீன். 1990-களில் ஓ-139-ன் குறிப்பேட்டை ஓ-1-னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஒன்று! 1961 முதல் உலகைச் சுற்றிவரும் 'எல் டோர்' என்ற ஓ-1 வகையேதான் உள்ளே இருந்தது. சட்டை தைக்கும் மரபணுக்கள் இருந்த இடத்தில் மட்டும் சுமார் 22 ஆயிரம் எழுத்துகள் காணோம். அங்கே சுமார் 35 ஆயிரம் எழுத்து நீளமுள்ள வேறொரு துண்டு உட்கார்ந்திருந்தது. நம் பாஷையில் சொன்னால், குழாயில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, நீளமான வேறு துண்டை வைத்துக் கப்ளிங் போட்டது மாதிரி.

இன்னொரு சரக்கும் அகப்பட்டது. 1992-ல் சென்னையில் எடுத்த ஓ-139 கிருமி ஒன்றுக்கு எம்.ஓ.-10 என்று பெயர். அதன் டி.என்.ஏ.வுக்குள் எஸ்.எக்ஸ்.டி. என்ற மூட்டை இருப்பதை அமெரிக்காவில் ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார்கள். சல்ஃபமெதாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளைத் தாங்கும் மரபணுக்கள் ஒன்றாகக் கட்டிய மூட்டை அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே கைமாறும்.

அதே 1996-ல் வால்டர், மெகலானோஸ் என்ற இருவர் இன்னும் பெரிய செய்தியைச் சொன்னார்கள். காலரா நச்சின் மரபணுவே, பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது! ஆக நச்சு வைரஸ் தந்தது, சட்டை வெளியிலிருந்து வாங்கியது, மருந்தைத் தாங்கும் சக்தி கைமாறி வந்தது. 2000-ல் ஓ-1 வகைக் கிருமி ஒன்றின் முழுக் குறிப்பேட்டையும் படித்து முடித்தார்கள்: இரண்டு குரோமோசோம், சுமார் 40 லட்சம் எழுத்து, சுமார் 3,900 மரபணு.

கைமாறும் சந்தை எது?

விப்ரியோ காலரே, மனிதக் குடலில் மட்டும் வாழ்வதில்லை. ஆறும் கடலும் கலக்கும் உப்பங்கழி நீரில் அது காலங்காலமாக வாழ்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மிதவைப் பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓடும் இறால், நண்டு ஓடும் கைட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவை.

கைட்டின் மேல் வளரும்போது இந்தக் கிருமி, சுற்றியுள்ள நீரில் கிடக்கும் அந்நிய டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். 2007-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கைட்டின் மேல் வளர்ந்த ஓ-1 கிருமிக்கு ஓ-139-ன் டி.என்.ஏ.வைக் கொடுத்தபோது, அது ஒரே தடவையில் ஓ-139 ஆக மாறியது. சென்னைக் கிருமிக்குச் சட்டை எப்படிக் கிடைத்திருக்கலாம் என்பதை ஆய்வகத்தில் செய்தே காட்டிவிட்டார்கள்.

இறாலும் நண்டும் நம் ஊர்ச் சந்தையில் தினம் பார்க்கிற சரக்குதானே! அதற்காகப் பயந்து நண்டுக் குழம்பை விட்டுவிட வேண்டாம். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துப்போகும்.

இந்த அறிவால் ஒரு எளிய பலனும் கிடைத்தது. வங்காளதேசக் கிராமங்களில் பழைய புடவைத் துணியை நான்கு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். மிதவைப் பூச்சிகள் துணியில் தங்கிவிட, அவற்றோடு கிருமிகளும் தங்கின. காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் அறிவித்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

ஓ-139 உலகம் முழுவதையும் பிடிக்கும் என்று அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. ஆசிய நாடுகள் சிலவற்றில் பரவி, சில தடவை தலைதூக்கி, பிறகு மங்கிவிட்டது. ஓ-1 மறுபடி முன்னுக்கு வந்தது. ஆனால் அப்படி வந்த ஓ-1 கிருமிகளிடம் எஸ்.எக்ஸ்.டி. மூட்டை இருந்தது. சட்டை போனாலும் மூட்டை தங்கிவிட்டது, பார்த்தீர்களா!

நமக்கு இதில் என்ன வேலை?

"கிருமியப் பத்திப் படிக்கிறது டாக்டரு வேலையாச்சே, உனக்கு எதுக்குடா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

தடுப்பூசி சட்டையைப் பார்த்து வேலை செய்கிறது. சட்டை மாறினால் அதையும் மாற்ற வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்து, மூட்டை கைமாறினால் தோற்கும். உப்புச் சர்க்கரைக் கரைசல் எந்தச் சட்டைக்காரன் வந்தாலும் உயிரைக் காக்கும். ஆனால் அது நோய் வந்த பிறகுதான். கிருமி வாய்க்குள் வராமலே தடுக்கும் நல்ல குடிநீர்க் குழாய்க்கு, உள்ளே வரப்பார்ப்பது ஓ-1-ஆ ஓ-139-ஆ என்ற கவலையே இல்லை. அந்தக் குழாய் சிவில்காரன் கையில் இருக்கிறது.

2022 ஜூலையில் நம் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்காலிலேயே காலரா வந்து, பொது சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்த விவகாரம் அப்போது செய்திகளில் அடிபட்டது.

நம் பாடத்தில் மூன்று சின்ன விஷயங்கள் வரும். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். முடியாத இடத்தில் குடிநீர்க் குழாய் அரை மீட்டராவது மேலே போக வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும்போது இவை வெறும் எண்கள். சென்னைக் கிருமியின் கதையைப் படித்த பிறகு எனக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு வாட்ச்மேன் மாதிரி தெரிகின்றன.

பள்ளம் தோண்டியதும் குழாய் புதைத்ததும் எங்களைப் போன்ற வீட்டு ஆட்கள்தான். எவ்வளவு ஆழம், எவ்வளவு தள்ளி என்று முடிவு செய்யும் இடத்தில் எங்கள் குடும்பத்து ஆள் யாரும் இதுவரை நின்றதில்லை. நாளைக்கு அந்த இடத்தில் நம்மில் பலர் நிற்கப் போகிறோம். டேப்பைப் பிடித்து 3 மீட்டரைச் சரியாக அளப்போம், நண்பர்களே!