பிரீசர் இடியப்பம்

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் இருந்த காலத்தில் கடையில் வாங்கும் பிரீசர் இடியப்பம்தான் எங்கள் இரவுச் சாப்பாடு. ஊருக்குத் திரும்பியும் மனம் அதைத் தேடுகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. - வாசகி, கோண்டாவில்

பதில்: வெட்கம் எதற்கு அக்கா? வேலை முடிந்து பனிக்குள் பஸ் பிடித்து வந்து, பிள்ளைகளுக்குச் சுடச்சுடக் கொடுத்த சாப்பாடு அது. நீங்கள் தேடுவது அந்த இரவுகளையும்தான். ஆனால் ருசியில், இங்கே சிவப்பரிசி மாவில் உரலால் பிழிந்து அவிப்பதற்கு அது கிட்டவும் வராது.

பிரீசர் சாப்பாடு புதிதும் அல்ல. அமெரிக்காவில் ஸ்வான்சன் நிறுவனம் 1950களிலேயே உறைய வைத்த இரவுச் சாப்பாட்டைத் தட்டோடு விற்றது. இங்கே யாழ்ப்பாணத்திலோ 1990க்குப் பிறகு பல வருடங்கள் மின்சாரமே இல்லை. எங்களுக்கு வெயில்தான் பிரீசர். புழுக்கொடியல், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் அப்படி வைத்துச் சாப்பிட்டவைதானே!

இப்போதும் ஆசை வந்தால் நீங்களே அவித்து, ஆறவிட்டு, காற்றுப் புகாமல் கட்டி பிரீசரில் வையுங்கள். எடுத்ததும் நேரே நீராவியில் வையுங்கள். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விட்டால் மாச்சத்து இறுகி விறைத்துவிடும். சொதியை மட்டும் உறைய வைக்காதீர்கள், தேங்காய்ப்பால் திரிந்துபோகும். கரண்ட் நீண்ட நேரம் நின்று இடியப்பம் இளகிச் சூடேறிவிட்டால், திரும்ப உறைய வைக்காமல் எறிந்துவிடுங்கள்.