தொலைநோக்கிக்கு முன் வாங்க வேண்டியவை

அன்புள்ள மகள் யாழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. வானம் பார்க்க உனக்கு ஆசை வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் நீ கேட்ட தொலைநோக்கியை இந்த வருடம் வாங்க வேண்டாம். "450 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்து மலிவாக விற்பவற்றின் முக்காலி நிலையாக நிற்காது. கை பட்டாலே வியாழன் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். ஆசையும் அதோடு போய்விடும்.

முதலில் ஒரு 10x50 பைனாகுலர் வாங்கு. பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. அகல முகப்பு வில்லை நிறைய ஒளியை வாங்கும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் வெறும் கண்ணுக்கு ஆறேழு விண்மீன்கள்தான் தெரியும். பைனாகுலரில் டஜன் கணக்கில் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடா விண்மீன்திரள் மங்கலான புகைத்திட்டாகத் தெரியும். கேமரா முக்காலியில் அசையாமல் பொருத்தினால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளையும் நீயே காணலாம். ஒன்றை மட்டும் மறக்காதே: பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வையே போய்விடும்.

அடுத்தது சிவப்பு டார்ச். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாகும். ஒருமுறை செல்போன் வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். மங்கிய சிவப்பு ஒளி அந்த அளவுக்குக் கெடுக்காது. சாதாரண டார்ச்சில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு, மூன்று மடிப்பாகக் கட்டினாலே போதும்.

நாள், நேரத்துக்கு ஏற்பச் சுழற்றிப் பார்க்கும் விண்மீன் சக்கர அட்டையும் வேண்டும். வாங்கும்போது அட்சரேகையைப் பார். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. லண்டனுக்குச் செய்த சக்கரத்தில் அகத்திய நட்சத்திரமே இருக்காது. அங்கே அது உதிப்பதில்லை. நமக்கோ மாசி மாத மாலையில் தெற்கே பளிச்சென்று நிற்கும்.

படுத்துப் பார்க்கப் பாய், பனிக்கு ஸ்வெட்டர், ஒரு நோட்டு. பார்த்ததை எல்லாம் தேதி, நேரம், இடத்தோடு எழுதி வை. எழுத உட்காரும்போதுதான் எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை அமாவாசையை ஒட்டி ஊருக்கு வா. ஒரு வருடம் இப்படிப் பழகு. செல்போன் துணையில்லாமல் வானத்தில் பத்து இடங்களை உன்னால் காட்ட முடிந்தால், நல்ல தொலைநோக்கியை நானே வாங்கித் தருகிறேன். அதை எங்கே திருப்புவது என்று அப்போது நீ யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
பெரியப்பா