பறவைக்கூட்டுப் பெரணியை வீட்டினுள் வளர்த்தல்

வீட்டின் உட்புறத்தை அழகுசெய்யும் பொருட்டு வளர்க்கப்படும் செடிகளுள் பெரணிகள் தனித்தன்மை வாய்ந்தவை. அவை பூப்பதில்லை, காய்ப்பதில்லை, இலையொன்றே அவற்றின் எழில். அவற்றுள் இந்திய நகரங்களின் நாற்றுப் பண்ணைகளில் பரவலாகக் கிடைக்கும் ஒன்று பறவைக்கூட்டுப் பெரணியாகும். பளபளப்பான, பிளவுபடாத, வாள் போன்ற இலைகள் ஒரு மையத்தைச் சுற்றிலும் வட்டமாக எழுந்து, கூடு போன்ற குழிவை உண்டாக்குகின்றன. இதன் பொருட்டே இதற்கு இப்பெயர் வந்தது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட 'அஸ்ப்ளீனியம் நைடஸ்' என்னும் தாவரவியற் பெயரிலும் 'நைடஸ்' என்ற இலத்தீன் சொல் கூட்டையே குறிக்கிறது.

இதனை விரும்பி வாங்குவோர் பலர். ஆயினும் வாங்கிய சில திங்களில் நடுக்குருத்து அழுகியோ, இலைகள் விளிம்பிலிருந்து கருகியோ செடி மடிவதைக் காண்கிறோம். இதற்குக் கவனக் குறைவைவிடக் கவன மிகுதியே பெரிதும் காரணமாகிறது. ரோஜாவிற்கும் செம்பருத்திக்கும் செய்யும் பணிவிடையை மாற்றமின்றி இதற்கும் செய்வதனால் கேடு விளைகிறது. இப்பெரணி மண்ணில் வளரும் செடியே அன்று என்பதை அறிந்துகொண்டால், வளர்ப்பு முறைகள் அனைத்தும் தாமே விளங்கும்.

கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரையுள்ள வெப்பமண்டலக் காடுகளில் இப்பெரணி இயற்கையாக வளர்கிறது. இந்தியாவில் வடகிழக்கு மலைகளிலும், அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இதனையோ இதற்கு மிக நெருங்கிய இனங்களையோ காணலாம். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் 1863, 1864ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய படநூல் இத்தகைய தாவரங்களை இனங்காண்பதற்கு நெடுங்காலம் துணைபுரிந்தது.

காட்டில் இப்பெரணி மரக்கிளைகளின் கவட்டிலும் அடிமரத்தின் பட்டையிலும் தொற்றி வாழ்கிறது. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. ஆகவே புல்லுருவியைப் போல இதனை ஒட்டுண்ணி என்று மாணவர்களுக்குக் கூறுதல் தவறு. தொற்றுச்செடி என்பதே சரி. மேலிருந்து உதிரும் சருகு, பூ, சுள்ளி, பறவை எச்சம் ஆகியவை இதன் இலைக்கூட்டினுள் விழுந்து தங்குகின்றன. பழைய இலைகளின் அடிப்பகுதியும், பழுப்பு நிறமான எண்ணற்ற நுண்வேர்களும் பின்னிப் பிணைந்து கடற்பஞ்சு போன்ற திரளாகின்றன. சருகு அதில் மட்கி உரமாகிறது. மழைநீரை அத்திரள் உறிஞ்சிச் சேமித்துவைக்கிறது. மண்ணின்றி உயரத்தில் வாழ நேர்ந்த செடி தனக்கு வேண்டிய மண்ணைத் தானே ஆக்கிக்கொள்ளும் முறை இது.

இக்கூட்டை நாடிப் பிற உயிர்களும் வருகின்றன. ஒஃபியோகிளாசம் பென்டுலம் என்னும் நாடா வடிவப் பெரணி இதன் வேர்த்திரளில் வேரூன்றிக் கீழ்நோக்கித் தொங்குவதுண்டு. எறும்பு, கறையான், வண்டு, மரவட்டை முதலியன உள்ளே குடியிருக்கின்றன. போர்னியோத் தீவின் சபா மாநிலத்து மழைக்காட்டில் நடத்தப்பெற்று 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை எடைபோட்டுக் காட்டியது. இப்பெரணிகளுக்குள் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களையும் கணக்கில் சேர்த்தபோது, மரமுகட்டில் வாழும் அத்தகைய உயிர்களின் மொத்த எடை முன்பு மதிப்பிட்டிருந்ததைவிட ஏறக்குறைய இருமடங்காயிற்று. ஒரு பெரணியைப் பெயர்த்தெடுப்பவர் ஒரு செடியை மட்டும் எடுப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி வீட்டு நிலைமைக்கு வருவோம். தோட்டத்துக் களிமண்ணையோ செம்மண்ணையோ தொட்டியில் நிரப்பி இதனை நடுதல் கூடாது. மண் இறுகி, நீர் தேங்கி, காற்றின்றி வேர்கள் மூச்சுத் திணறும். நன்கு மட்கிய இலையுரம் இரண்டு பங்கு, உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த மரக்கரியும் செங்கல் துண்டும் கலந்து ஒரு பங்கு என்னும் அளவில் சேர்த்த கலவை ஏற்றது. கையில் அள்ளிப் பிழிந்தால் கட்டியாகாமல் உதிர வேண்டும். அடியில் துளையுள்ள மண்தொட்டி சிறந்தது. செடியின் வேர்த்திரளைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமான தொட்டியே போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத கலவை எந்நேரமும் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு இடந்தரும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டி மாற்றலாம். மாற்றும்போது, இலைகள் புறப்படும் மையத்தைக் கலவைக்குள் புதைத்துவிடக் கூடாது.

நீர் ஊற்றுவதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கிண்ணம் போன்ற நடுக்குழிவைக் கண்டதும் அதனுள் நீரை வார்க்கத் தோன்றும். காட்டில் மழை அதனுள் பெய்வது உண்மையே. ஆனால் அங்கே பெய்த நீர் வேர்த்திரளின் வழியாக வடிந்துவிடுகிறது; காற்றும் ஓயாது அசைந்துகொண்டிருக்கிறது. காற்றோட்டமற்ற அறையிலோ குருத்தில் தங்கிய நீர் நாட்கணக்கில் நின்று, சுருள் விரியாத இளம் இலைகளை அழுகச் செய்கிறது. ஆகவே செடியைச் சுற்றிலும் கலவையின்மீதே நீர் ஊற்ற வேண்டும். மேற்பரப்பை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் குறைந்து உலரத் தொடங்கும்போது நன்கு நனையுமாறு ஊற்றி, தட்டில் வடிந்த நீரைக் கொட்டிவிடுவது நன்று. இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கிட்டு ஊற்றும் வழக்கம் எந்தச் செடிக்கும் ஏற்றதன்று. இதற்குச் சிறிதும் ஏற்றதன்று. கலவை முற்றிலும் உலர்ந்துவிட்டால் மேலிருந்து ஊற்றும் நீர் ஓரமாக ஓடிப்போகும். அந்நிலையில் தொட்டியை வாளி நீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி எடுக்கலாம். உப்புச்சுவையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரினால் இலை நுனி கருகும். மழைநீர் கிடைக்கும் காலத்தில் அதனைச் சேமித்துப் பயன்படுத்துவோர் நல்ல பலனைக் காண்பர்.

நீருக்கு அடுத்தபடியாகக் காற்றின் ஈரப்பதம் கருதத்தக்கது. மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இதுபற்றி அதிகம் கவலைப்பட வேண்டுவதில்லை. தில்லி, நாகபுரி, ஜெய்ப்பூர் முதலிய இடங்களில் சித்திரை, வைகாசியில் வீசும் வறண்ட வெங்காற்று சில நாட்களிலேயே இலை விளிம்புகளைப் பழுப்பாக்கிவிடும். குளிர்சாதனப் பெட்டி ஓடும் அலுவலக அறையின் காற்றும் அத்தகையதே. அகலமான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை மூழ்காத அளவு நீர்விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தலும், சில செடிகளை நெருக்கமாக வைத்தலும் ஓரளவு துணைபுரியும். சன்னலும் காற்றும் உள்ள குளியலறை, இத்தகைய ஊர்களில் வரவேற்பறையைவிட நல்ல இடமாகும். ஆனால் விருந்தினர்க்குக் காட்டும் பொருட்டே செடி வாங்குவோர் இதற்கு இசைவதில்லை.

பெரணி நிழலை விரும்பும் என்பது இருளை விரும்பும் என்று பொருள்படாது. விளக்கின்றிப் பகலில் நாளிதழைத் தடையின்றிப் படிக்கக்கூடிய இடம் இதற்குப் போதுமான வெளிச்சமுடையது எனக் கொள்ளலாம். வடக்கு நோக்கிய சன்னலருகு நன்று. கிழக்குச் சன்னலின் இளங்காலை வெயில் தீங்கு செய்யாது; நண்பகல் வெயில் பட்டால் இலை வெளிறிக் கருகும். 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் செடி நன்கு வளரும். வட இந்தியக் குளிர்காலத்தில் 10 டிகிரிக்குக் கீழே செல்லும் இரவுகளில் சன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்தல் கூடாது. அப்பருவத்தில் நீரையும் குறைக்க வேண்டும்.

உரம் மிகச் சிறிதே தேவை. வளர்ச்சி மிகும் மாதங்களில், நீரில் கரையும் கலப்புரத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவில் பாதிக்கும் குறைவாகக் கரைத்து, திங்களுக்கு ஒருமுறை ஈரமான கலவையின்மேல் ஊற்றலாம். இலையைத் துடைக்க ஈரத்துணி போதும். பளபளப்புக்காக எண்ணெய் பூசுவது இலையின் மூச்சுத்துளைகளை அடைத்துவிடும். இளங்குருத்தை விரலால் தொட்டுப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். தொட்டவிடம் நசுங்கினால் இலை விரிந்த பின்னும் அவ்வடு மறையாது.

நோய்களுள் கவனிக்க வேண்டியது இலை நூற்புழுவால் விளைவதாகும். பழுப்பும் கறுப்புமான திட்டுகள் இலையடியிலிருந்து பரவினால் இதனை ஐயுறலாம். இப்புழு இலைமேல் படிந்த நீரின் வழியாகவே நகர்ந்து பரவுமாதலால், இலையை நனையவிடாமையே முதற்காப்பு. தாக்குண்ட இலைகளை வெட்டி எரித்துவிடுவதும், முற்றிலும் தாக்குண்ட செடியை அகற்றிவிடுவதும் நலம். மாவுப்பூச்சியையும் செதிள் பூச்சியையும் மெல்லிய தூரிகையால் துடைத்தெடுக்கலாம். பெரணிகள் பூச்சிமருந்துகளால் எளிதில் ஊறுபடுமாதலின், மருந்தடிப்பதைக் கடைசி வழியாகவே கொள்ளல் வேண்டும்.

முதிர்ந்த இலையின் அடிப்புறத்தில் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாக ஓடும் பழுப்புக் கோடுகளைக் கண்டு நோயென அஞ்சிச் சுரண்டி எறிவோர் உளர். அவை செடியின் இனப்பெருக்க உறுப்புகள். ஸ்போர் என்றும் சிதல் என்றும் வழங்கும் நுண்துகள்கள் அக்கோடுகளில் உண்டாகின்றன. செதிள் பூச்சி ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். சிதல் கோடுகளோ வரைகோல் கொண்டு இழுத்தாற்போல் ஒரே சீராக அமைந்திருக்கும்.

இச்செடியைப் பெருக்குவதற்கு அக்கோடுகளே வழி. வாழையைப் போல் பக்கக் கன்றுகள் பொதுவாக இதற்கு எழுவதில்லை; இலையை வெட்டி நட்டாலும் வேர்விடாது. ஆய்வுக்கூடத் திசு வளர்ப்பு ஒன்றையும் நீக்கினால், சிதலிலிருந்து வளர்ப்பதே எஞ்சுகிறது. சிதலிலிருந்து செடியாக்குவதற்குப் பொறுமை வேண்டும். அப்பொறுமை இல்லாதவர்க்குக் காட்டு மரத்திலிருந்து பெயர்த்துக் கொணர்வது எளிதாகப்படுகிறது. காப்புக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றிச் செடி எடுத்தல் சட்டப்படி குற்றம். களப்பணியாளர்கள் விற்பனைச் செடிகளைக் கூர்ந்து நோக்கினால் வேறுபாடு புலப்படும். காட்டிலிருந்து வந்ததன் வேர்த்திரள் ஒருபுறம் பிய்ந்திருக்கும். மரப்பட்டைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். பழைய இலைகளில் பாசியும் பூச்சி கடித்த துளைகளும் காணப்படும். பண்ணையில் வளர்ந்ததன் இலைகள் ஒத்த அளவினவாய், வேர் தொட்டியின் வடிவத்தையே கொண்டிருக்கும். காட்டுச்செடி வேர் பிய்ந்து வருவதால் வீட்டில் பிழைப்பதும் அரிது.

சிதலை வளர்ப்பது பள்ளிகளில் எளிதாகச் செய்யத்தக்க பயிற்சி. கோடுகள் பச்சை மாறிப் பழுப்பாகும் தருணத்தில் இலைத்துண்டு ஒன்றை வெட்டி, கோடுகள் கீழ்நோக்கியிருக்குமாறு வெள்ளைத் தாள்களினிடையே இரண்டு நாள் வைத்தால், பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் உமி போன்ற சிதலுறைத் துண்டுகள் முன்னே உருண்டுவிடும். தாளோடு ஒட்டிநிற்கும் நுண்தூளே சிதல். புதிய செங்கல் துண்டொன்றை அரைமணி நேரம் கொதிக்கவைத்து ஆற்றி, கொதித்தாறிய நீருள்ள கிண்ணத்தில் பாதி மூழ்கும்படி நிறுத்தி, அதன்மேல் தூளை மிகச் சிறிதளவு தூவி, கண்ணாடிச் சாடியால் மூடி, நேர்வெயில் படாத சன்னலில் வைக்க வேண்டும். கொதிக்கவைக்கும் வேலையில் சோம்பினால் பூஞ்சையும் பாசியும் முந்திக்கொள்ளும்.

மூடிய கண்ணாடிக்குள் பெரணி தழைப்பதை இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829ஆம் ஆண்டில் தற்செயலாகக் கண்டார். அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் புட்டியில் இட்டு மூடிவைத்தபோது, பூச்சிக்கு முன்னதாக அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. நகரத்துப் புகையில் தம் தோட்டத்தில் பெரணிகள் மடிவதைப் பலகாலம் கண்டு வருந்தியவர் அவர். பின்னர் கடல்கடந்து செடிகளை அனுப்பப் பயன்பட்ட கண்ணாடிப் பெட்டிகள் இதிலிருந்தே தோன்றின.

சில வாரங்களில் செங்கல்லின்மேல் பச்சைப் படலம் தோன்றும். இரண்டு மூன்று திங்களில் அது நெஞ்சுருவான சிறு தகடுகளாகத் தெளிவுறும். புரோதாலஸ் எனப்படும் இத்தகடு, பெரணியின் வாழ்க்கையில் தனித்து நிற்கும் ஒரு தலைமுறையாகும். இவ்விரு தலைமுறைகளும் மாறிமாறி வரும் முறையை 1851ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலார் ஹாஃப்மைஸ்டர் விளக்கிக் காட்டினார். தகட்டின் அடிப்புறத்தில் ஆண், பெண் உறுப்புகள் உண்டாகின்றன. ஆண் அணு நீரில் நீந்திச் சென்றே பெண் அணுவை அடைய முடியும். எனவே இப்பருவத்தில் கொதித்தாறிய நீரை நுண்துளியாகத் தகடுகளின்மேல் தெளித்தல் இன்றியமையாதது. இரண்டு செங்கற்களை வைத்து, ஒன்றிற்குத் தெளித்தும் மற்றதற்குத் தெளிக்காமலும் விட்டால், இளம்பெரணி எதில் முந்தித் தோன்றுகிறதென்று மாணவர்களே குறித்துக்கொள்வர். இலைகள் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்ததும், சிறு கொத்துகளாக எடுத்து முன்கூறிய கலவையில் நட்டு, மூடியை நாள்தோறும் சிறிது சிறிதாக விலக்கி வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும்.

புயலில் முறிந்த கிளையோடு தரையில் விழுந்து கிடக்கும் பெரணியைக் களப்பணியாளர் காண நேர்ந்தால், உரிய அலுவலரின் இசைவுடன் அதனை அருகிலுள்ள மரத்திலேயே ஏற்றிவிடலாம். சொரசொரப்பான பட்டையுடைய மரத்தின் வடபுறக் கவட்டில், வேர்த்திரள் பட்டையை ஒட்டியிருக்குமாறு தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, மழை தொடங்கும் வரை நீர் தெளித்துவர வேண்டும். கயிறு மட்கி அறுவதற்குள் வேர்கள் மரத்தைப் பற்றிக்கொள்ளும்.