மகப்பேறின்மையும் தந்தையர் தொழிலும்

மலடி என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். மலடன் என்னும் சொல்லும் அகராதியில் உண்டு. ஆயின் அதனை வழக்கில் நாம் கேட்பது அரிது. பிள்ளையில்லா வீட்டிற் குறை பெண்ணுடையதே என முடிவுகட்டும் பழக்கத்தின் அடையாளம் இது. தமிழ் கற்பிக்கும் நாம் இங்கு இரசாயனம் பேசப் புகுந்தமைக்கும் இதுவே காரணம். விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்து லாத்ரொப் என்னும் ஊரிற் பூச்சிகொல்லிகள் ஆக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பயிரின் வேரைக் கெடுக்கும் நுண்புழுக்களைக் கொல்லும் டிபிசிபி என்னும் இரசாயனமும் அங்கே கையாளப்பட்டது. வேலைக்கு வந்தபின் தம்மிற் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர் தம்முட் பேசி உணர்ந்தனர். 1977 இல் சிலர் விந்தைச் சோதனைக்குக் கொடுத்தனர். விந்தணு மிக அருகியோ அறவே இன்றியோ காணப்பட்டது. தொடர்ந்து பலரைச் சோதித்தபோது, மிகக் குறைந்தோர் ஆண்டுக்கணக்காக அங்கு உழைத்தவர் என்பதும், குறைவில்லாதோர் அண்மையில் வந்தவர் என்பதும் புலனாயின.

இதில் நெஞ்சை வருத்துவது யாதெனின், இவ்விரசாயனத்தால் எலிகளின் விதைகள் சுருங்கும் என்பது 1961 ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. 1979 இல் அமெரிக்கா அதனைப் பெரும்பாலும் விலக்கியது. ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்களுக்கு மட்டும் 1985 வரை விலக்களித்தது. விந்தணு அறவே அற்றவருட் பலர் பின்னரும் மீண்டிலர்.

லாத்ரொப் பெருமளவு நஞ்சின் கதை. நாள்தோறும் சிறிதுசிறிதாக உட்புகுவனவோ? பிளாத்திக்கை நெகிழச் செய்யும் தலேற்றுக்களை எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2009 வரை மிச்சிகன், தெக்சாஸ் மாநிலங்களிற் பிள்ளை வேண்டி நின்ற 501 தம்பதிகள் ஆராயப்பட்டனர். இவற்றுட் சில கணவரின் சிறுநீரில் மிகுந்திருந்தபோது கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு குறைந்தது. மனைவியரிடத்து அத்தகைய குறைவு காணப்படவில்லை. ஒரே ஆராய்ச்சியால் முடிவு கூறல் தகாது. எனினும் கணவனைச் சோதியாது விடுதல் இனிப் பொருந்தாது.

ஒரே விந்தணுவை ஊசியாற் கருமுட்டையுட் செலுத்தும் முறை 1992 இற் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கைக் குறை இதனாற் பெரிதும் தீர்ந்தது. ஆயினும் அவ்வணு சுமக்கும் பரம்பரைப் பொருள் சிதைந்திருப்பின், முட்டை கருவுற்ற பின்னும் கரு வளராது நின்றுவிடக்கூடும். அப்பொழுதும் பழி மனைவியின் கருப்பையையே சென்று சேர்கிறது!

விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். ஆகவே சிகிச்சைக்கு முந்திய மூன்று மாதங்களிற் கணவன் என்ன தொழில் செய்தான், எதனைக் கையாற் கலந்தான் என்று வைத்தியர் வினவுதல் வேண்டும். எம்மூர்க் கமக்காரன் அதற்கு, "வெங்காயத்துக்கு மருந்தடித்தேன்" என்பான். நஞ்சை மருந்தென்று வழங்கும் இவ்வழக்கையும் அவ்வைத்தியர் அறிந்திருத்தல் நன்று.